மலைக்கு இப்பக்கம் 53, அப்பக்கம் 210

தேனி மாவட்டத்தின் மேற்கு எல்லை ஒரு மலை முகடு. கம்பம், கூடலூர், போடி பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் விடியற்காலையில் ஜீப்களில் ஏறுகிறார்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்புகிறார்கள். முகட்டின் இரு பக்கமும் பிழைப்பும் உறவும் கலந்து கிடக்கின்றன. கொரோனாவும் அப்படித்தான் இரு பக்கமும் பரவியது. ஆனால் இரு மாநிலங்களின் சாவுக் கணக்கு ஒன்றுபோல் இல்லை. அரசுகள் அறிவித்தபடி கேரளத்தில் இறந்தோர் எழுபதாயிரத்துக்கும் மேல், தமிழ்நாட்டில் முப்பத்தெட்டாயிரம். 2011 மக்கள்தொகையால் வகுத்தால் கேரளத்தில் லட்சத்துக்குச் சுமார் 210, தமிழ்நாட்டில் 53. தேனி மாவட்டத்தில் ஐந்நூற்றுச் சொச்சம் பேர். அதாவது லட்சத்துக்கு 43 அளவில்.

மலை ஏறி இறங்கினால் நோய் நான்கு மடங்கு கொடியதாகிவிடுமா? வைரஸ் இரு பக்கமும் ஒன்றே. மருத்துவ வசதியில் கேரளம் பின்தங்கிய மாநிலமும் அல்ல. இப்படிப்பட்ட எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘இந்த வட்டாரம் தப்பித்தது, அந்த வட்டாரம் தோற்றது’ என்று தீர்ப்புச் சொல்வதும், ‘கொரோனா வெறும் ஃபுளூதான்’ என்றோ ‘ஃபுளூவெல்லாம் ஒரு நோயா’ என்றோ முடிவுகட்டுவதும் கடந்த சில ஆண்டுகளில் சாதாரணமாகிவிட்டன. வட்டார இறப்பு விகிதங்களில் தெரியும் வேறுபாட்டில் பெரும்பகுதி, நோயின் வேறுபாடாக இருப்பதற்கு முன்பே பதிவேட்டின் வேறுபாடாக இருக்கிறது. அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் நோயைப் பற்றி நமக்கு எதையாவது சொல்லும்.

ஒரே நோய், மூன்று விடை

முதலில் ஃபுளூவையும் கொரோனாவையும் இந்திய அளவில் ஒப்பிட்டுப் பார்ப்போம். கொரோனாவுக்கு 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்திய அரசு அறிவித்த சாவுகள் 4.81 லட்சம், ஆண்டுக்குச் சராசரி 2.4 லட்சம். பருவகால ஃபுளூவுக்கு, 2010 முதல் 2013 வரையிலான இறப்புத் தரவுகளை வைத்து இந்திய ஆய்வாளர்கள் செய்த மதிப்பீடு ஆண்டுக்குச் சுமார் 1.27 லட்சம். (அந்த மதிப்பீட்டின் கீழ் எல்லை 64 ஆயிரம், மேல் எல்லை 1.9 லட்சம்.) இரண்டையும் வகுத்தால், கொரோனா ஃபுளூவைப்போல் இரண்டு மடங்குகூட இல்லை.

இப்போது ஃபுளூவுக்கும் அரசு அறிவித்த எண்ணையே எடுப்போம். பன்றிக் காய்ச்சல் என்று நாம் அழைத்த எச்1என்1 கடுமையாக வீசிய ஆண்டு 2015. பரிசோதனையில் உறுதியானவர்கள் 42,592 பேர். இறந்தவர்கள் 2,990 பேர். கொரோனாவின் 2.4 லட்சத்தை இதனால் வகுத்தால் எண்பது மடங்கு.

மூன்றாவது வழியில், கொரோனாவுக்கும் மதிப்பீட்டையே எடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் வெளியிட்ட கணக்கின்படி, வழக்கமாக எதிர்பார்க்கக்கூடிய சாவுகளுக்கு மேல் அந்த இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் நிகழ்ந்தவை 47.4 லட்சம், ஆண்டுக்கு 23.7 லட்சம். ஃபுளூ மதிப்பீட்டால் வகுத்தால் ஏறக்குறைய பத்தொன்பது மடங்கு.

இரண்டு, எண்பது, பத்தொன்பது. மூன்றிலும் நோய்கள் மாறவில்லை, நாடும் மாறவில்லை. ஒரு மூட்டையைப் படியால் அளந்து, மற்ற மூட்டையைத் தராசில் நிறுத்துவிட்டு எது அதிகம் என்று கேட்டால் இப்படித்தான் ஆகும். பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ வந்து மருத்துவமனையில் இறந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணுவது ஒரு முறை. எல்லாக் காரணத்தாலும் நிகழ்ந்த மொத்தச் சாவுகளில் வழக்கத்தைத் தாண்டிய பகுதியைக் கணக்கிடுவது இன்னொரு முறை. இதை மிகை இறப்பு என்கிறோம். லண்டனில் 1847-ல் பரவிய இன்புளுயன்ஸாவுக்குப் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் இந்த முறையைக் கையாண்டார். ஃபுளூ அன்றும் இன்றும் மிகை இறப்பாலேயே அளக்கப்படும் நோய். ஏனென்றால் ஃபுளூ வந்து பத்து நாள் கழித்து நிமோனியாவிலோ மாரடைப்பிலோ இறக்கும் முதியவரின் சான்றிதழில் ஃபுளூ என்ற சொல் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

பத்தொன்பது மடங்கு என்பதும் கல்லில் பொறித்த எண் அல்ல. மிகை இறப்பில் நேரடியாகக் கொரோனாவில் இறந்தவர்களோடு, ஊரடங்கில் டயாலிசிஸ் கிடைக்காமல் இறந்தவர்களும் சேர்வார்கள். ஃபுளூ மதிப்பீடோ மூச்சு, இதய நோய்ச் சாவுகளை மட்டும் பார்க்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கீட்டு முறையை இந்திய அரசு ஏற்கவும் இல்லை. ஆனாலும் அரசின் சொந்தப் பதிவேடே திசையைக் காட்டுகிறது. நாட்டில் பதிவான மொத்தச் சாவுகள் 2019-ல் 76.4 லட்சம், 2020-ல் 81.2 லட்சம், 2021-ல் 102 லட்சம். ஒரே ஆண்டில் 21 லட்சம் ஏற்றம். பதிவு செய்யும் பழக்கம் கூடியதும் இதில் ஒரு பகுதி என்றாலும், முழு ஏற்றத்தையும் அதன் தலையில் கட்ட முடியாது.

கெங்குவார்பட்டியில் வைத்துப் பார்த்தால்

லட்சம், கோடி என்ற அளவில் பேசும்போது எண்கள் மரத்துப்போகின்றன. ஆகவே ஓர் ஊரில் வைத்துப் பார்ப்போம். தேனி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகும் சாலையில், கொடைக்கானல் மலையடிவாரத்தில் இருக்கிறது கெங்குவார்பட்டி. பேரூராட்சி; பக்கத்தில் மஞ்சளாறு அணை. கணக்குக்காக அங்கே 15,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு ஆறு முதல் ஏழு சாவு என்பது வழக்கமான விகிதம். அப்படியானால் இந்த ஊரில் ஆண்டுக்குச் சுமார் 100 சாவு விழும்.

பருவகால ஃபுளூவின் அகில இந்திய மதிப்பீடு லட்சத்துக்குப் பத்து அளவில். இந்த ஊரில் அது ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு சாவு. தேனி மாவட்டத்தின் அதிகாரபூர்வக் கொரோனா விகிதத்தை வைத்தால், பெருந்தொற்றுக் காலம் முழுவதற்கும் ஆறு அல்லது ஏழு. கேரளத்தின் விகிதமானால் 31 அல்லது 32. சென்னையில் பின்னர் கணக்கிடப்பட்ட மிகை இறப்பு விகிதத்தை வைத்தால் 78. 1918-ன் இன்புளுயன்ஸாவில் சென்னை மாகாணத்துக்கு அன்றைய அரசு காட்டிய விகிதம், ஆயிரத்துக்கு 16 அளவில். அது வந்தால் 240. அதே ஆண்டு மத்திய மாகாணத்தில் ஆயிரத்துக்கு 50-ஐத் தாண்டியது. அந்த விகிதத்தில் 750-க்கும் மேல்.

இந்த ஏணியை வைத்துக்கொண்டு, ஊரிலிருந்து பார்த்தால் எது தெரியும் என்று கேட்கலாம். ஆண்டுக்கு நூறு சாவு விழும் இடத்தில், எந்த நோயும் புதிதாக வராமலேயே, ஓர் ஆண்டு 85, மறு ஆண்டு 115 என்று தற்செயலாகவே ஏறி இறங்கும். எண்பதுக்கும் நூற்றிருபதுக்கும் இடையில் எது வந்தாலும் புள்ளியியலுக்கு அது இயல்பு. ஆகவே ஃபுளூவின் இரண்டு சாவு ஊர்க் கண்ணுக்குத் தெரியாது. அதிகாரபூர்வ விகிதப்படியான கொரோனாவின் ஆறு சாவும்கூடத் தெரியாது. எழுபத்தெட்டு தெரியும், மயானத்துக்குப் போகும் வழியிலேயே தெரியும். ‘எங்க ஊர்ல ஒண்ணும் பெருசா இல்லைங்க’ என்று ஒருவர் சொல்வதும், ‘வாரத்துக்கு ரெண்டு மூணு தூக்கினோம்’ என்று பக்கத்து ஊர்க்காரர் சொல்வதும் இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் இரண்டையும் வைத்து வட்டாரத்தை ஒப்பிட முடியாது.

அலகு பெரிதாகப் பெரிதாகத் தற்செயலின் பங்கு சிறுக்கும். தேனி மாவட்டத்தின் 12.46 லட்சம் மக்களில் ஆண்டுக்குச் சுமார் 8,000 பேர் இறக்கலாம். தற்செயல் ஏற்ற இறக்கம் தொண்ணூறு அளவில். ஃபுளூவின் பங்கு 125 அளவில். அங்கே ஃபுளூ மங்கலாகத் தெரியத் தொடங்குகிறது. மாநில அளவில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் சாவு என்றால் தற்செயல் எழுநூறு, ஃபுளூ ஏழாயிரம். அங்கே தெளிவாகத் தெரிய வேண்டும். பருவகால ஃபுளூ ஊர் அளவில் மறைந்து மாநில அளவில் மட்டும் முகம் காட்டும் நோய். பெருந்தொற்றின் கடுமையான அலை ஊர் அளவிலேயே முகம் காட்டும். இரண்டுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுதான்.

1918: ‘காய்ச்சல்’ என்ற ஒற்றைப் பத்தி

பம்பாய்த் துறைமுகத்தில் 1918 ஜூனில் தொடங்கிய இன்புளுயன்ஸா, செப்டம்பரில் இரண்டாம் அலையாகக் கொடூரமாகத் திரும்பியது. இந்தியாவில் இறந்தோர் 60 லட்சம் என்றது அரசின் முதல் கணக்கு. 1921 குடிமதிப்பு அதை இரட்டிப்பாக்கியது. பின்வந்த ஆய்வாளர்களில் கிங்ஸ்லி டேவிஸ் இரண்டு கோடியை நெருங்கும் மதிப்பீட்டைத் தந்தார். இயன் மில்ஸ் 1986-ல் 1.7 முதல் 1.8 கோடி என்றார். சித்தார்த் சந்திராவும் உடன் ஆய்வாளர்களும் 2012-ல் பிரிட்டிஷ் இந்திய மாவட்டங்களை மட்டும் வைத்து 1.39 கோடி என்றனர். இன்றைய இந்திய எல்லைக்குள் 1911-க்கும் 1921-க்கும் இடையில் மக்கள்தொகை 0.31 சதவீதம் குறைந்தது. இருபதாம் நூற்றாண்டுக் குடிமதிப்புகளில் அப்படிக் குறைந்த பத்தாண்டு வேறில்லை.

ஒரே கொள்ளைநோய்க்கு இத்தனை எண்கள் வரக் காரணம் அன்றைய பதிவேட்டின் அமைப்பு. சென்னை மாகாணத்தில் ஊரின் பிறப்பு, இறப்பைக் குறித்துவைத்தவர்கள் கிராம அதிகாரிகள். அவர்களிடம் இருந்த காரணப் பட்டியலில் காலரா, பெரியம்மை, பிளேக் ஆகியவற்றுக்குத் தனிப் பத்தி உண்டு. மற்றவை பெரும்பாலும் ‘காய்ச்சல்’ என்ற பத்தியில் விழும். மலையடிவார ஊர்களில் மலேரியா ஆண்டுதோறும் வந்துபோன காலம் அது. அப்படிப்பட்ட ஊரில் இன்புளுயன்ஸாச் சாவும் மலேரியாச் சாவும் ஒரே பத்தியில் கலந்துவிடும். அக்டோபரில் குறிப்பவரே படுத்துவிட்டால் பத்தியே வெறுமையாகக் கிடக்கும். ஆகவே வரலாற்றாசிரியர்கள் காரணத்தைப் புறந்தள்ளிவிட்டு, மொத்தச் சாவை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டார்கள். பிறகு குடிமதிப்பில் காணாமல்போன தலைகளை எண்ணினார்கள். இலங்கைக்கும் இதே முறையைக் கையாண்ட சந்திராவின் குழு, மக்கள்தொகை இழப்பு மூன்று லட்சத்துக்கு மேல், அதாவது 6.7 சதவீதம் என்று கணக்கிட்டது. முன்பு கருதப்பட்டதைவிட அது மிக அதிகம்.

இத்தனை குறைகளுக்குப் பிறகும் 1918-ல் வட்டார வேறுபாடு மறையவில்லை என்பதே அந்தத் தரவின் பெரும் பாடம். மத்திய மாகாணத்தில் ஆயிரத்துக்கு 50-க்கு மேல், பம்பாயில் 40-க்கு மேல், சென்னை மாகாணத்தில் இருபதுக்குள், வங்காளத்தில் அதைவிடவும் குறைவு. குறைப்பதிவு எல்லா மாகாணத்திலும் இருந்தது. அதை மட்டும் வைத்து இந்தச் சரிவை விளக்க முடியாது. சந்திராவின் மாவட்டவாரி ஆய்வு, அலை மேற்கிலிருந்து கிழக்கே நகர நகரக் கடுமை தணிந்து, நீடிப்புக் கூடியதைக் காட்டுகிறது. அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மேற்கிலும் நடு இந்தியாவிலும் பஞ்சமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தன. தண்ணீருக்கும் தீவனத்துக்கும் வழியில்லாத இடத்தில் காய்ச்சல் கண்டவருக்குக் கஞ்சி வைத்துத் தரவும் ஆளில்லை. இருபதிலிருந்து நாற்பது வயதுக்காரர்களே அதிகம் இறந்தார்கள். பெண்கள் ஆண்களைவிட அதிகம் இறந்தார்கள். பருவகால ஃபுளூவோ முதியவர்களையும் கைக்குழந்தைகளையும்தான் முதலில் தொடும்.

எண்ணாத இடத்தில் நோய் இல்லை

நூறாண்டு கழித்து நிலைமை எவ்வளவு மாறியது? 2017-ன் பன்றிக் காய்ச்சல் கணக்கைப் பார்ப்போம். மகாராஷ்டிரத்தில் 6,144 பேருக்கு நோய் உறுதியாகி 778 பேர் இறந்தார்கள், நூற்றுக்குப் பதின்மூன்று. தமிழ்நாட்டில் 3,315 பேருக்கு நோய், 17 சாவு, இருநூறுக்கு ஒன்று. நோயாளிகளால் வகுக்கும் விகிதம் பரிசோதனைக் கொள்கையோடு ஆடும் என்பது தெரிந்ததே. கடுமையானவர்களை மட்டும் சோதித்தால் விகிதம் எகிறும். லேசான காய்ச்சலையும் சோதித்தால் இறங்கும். ஆகவே மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்தால், மகாராஷ்டிரத்தில் லட்சத்துக்கு 0.69, தமிழ்நாட்டில் 0.024. கிட்டத்தட்ட முப்பது மடங்கு இடைவெளி அப்படியே நிற்கிறது. விரைவாக மருந்து கொடுத்ததால் சிலர் பிழைத்திருக்கலாம். அலை வந்த பருவமும் வேறாக இருக்கலாம். முப்பது மடங்கை அவை விளக்கப் போதாது. எந்தச் சாவுக்கு முன் பரிசோதனை நடந்தது, எந்தச் சாவுக்கு நடக்கவில்லை என்பதும் இந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. தமிழ்நாட்டின் 17 சாவு லட்சத்துக்கு 0.024 என்றால், அகில இந்திய ஃபுளூ மதிப்பீடு லட்சத்துக்குப் பத்து. இடையில் நானூறு மடங்கு.

பருவம் என்பது உண்மையான வட்டார வேறுபாடு. டெல்லி, புனே, கொல்கத்தாவில் ஃபுளூ தென்மேற்குப் பருவமழையோடு ஜூன்–செப்டம்பரில் உச்சம் தொடுகிறது, சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில், ஸ்ரீநகரில் கடுங்குளிரில். ஆகவே ஜூலை மாதக் கணக்கை வைத்து வடக்கையும் தெற்கையும் ஒப்பிட்டால் ஒருபுறம் உச்சமும் மறுபுறம் அடிமட்டமும்தான் கிடைக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் ஆடிச் சாரலும் ஐப்பசி மழையும் இரண்டுமே உண்டு. இங்கே ஃபுளூ ஒரு முறை ஏறுகிறதா இரு முறையா என்பதை வேலூரின் தரவை வைத்து ஊகிக்காமல் இங்கேயே அளக்க வேண்டும்.

அடுத்தது வயது. 2011 கணக்குப்படி அறுபது வயது தாண்டியவர்கள் கேரளத்தில் 12.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4. முதியவர்கள் அதிகமுள்ள இடத்தில் கொரோனாவும் ஃபுளூவும் அதிகம் கொல்லும் என்பதால், ஒரே வயதினரை ஒரே வயதினரோடு ஒப்பிட்டுத்தான் பேச வேண்டும். ஆனால் இந்த வயது வித்தியாசம் நான்கு மடங்கு இடைவெளியில் சிறு பகுதியைத்தான் விளக்கும்.

மூன்றாவது, இறந்த இடம். நமது பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ன்படி சாவு நடந்த இடத்தில்தான் பதிவாகும். கெங்குவார்பட்டிக்காரர் மூச்சுத்திணறலோடு பெரியகுளம் அரசு மருத்துவமனைக்குப் போனால் அதே மாவட்டம், வத்தலக்குண்டுக்குப் போனால் திண்டுக்கல் மாவட்டம், க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்கு மாற்றினால் மீண்டும் தேனி. மதுரை ராஜாஜி மருத்துவமனையில் உயிர் போனால் மதுரை மாநகரம். பெரிய மருத்துவமனை உள்ள ஊரின் விகிதம் ஏறும். ஆளை அனுப்பிய ஊரின் விகிதம் இறங்கும். இருப்பிடம் வாரியாகப் பிரித்து எடுக்காதவரை, மாவட்ட ஒப்பீடு ஓரளவுக்கு ஆம்புலன்ஸ் போன வழியின் ஒப்பீடுதான்.

நான்காவது, சான்றிதழ். இந்தியாவில் பதிவாகும் சாவுகளில் மருத்துவர் காரணத்தைச் சான்றளிப்பவை 2020-ல் ஐந்தில் ஒன்றைச் சற்றே தாண்டின. மற்றவற்றில் வீட்டார் சொல்வதே காரணம்: ‘வயசாகி’, ‘நெஞ்சு வலி’, ‘மூச்சு முட்டி’. பருவகால ஃபுளூ கொல்லும்போது இந்த மூன்று பெயர்களில்தான் பதிவேட்டுக்குள் நுழைகிறது.

முகட்டுக்குத் திரும்பினால்

இப்போது 53-க்கும் 210-க்கும் விடை தேடலாம். சென்னையில் 2020 மார்ச் முதல் 2021 ஜூன் வரை பதிவான எல்லாச் சாவுகளையும் ஜோசப் லெவ்னார்ட், ரமணன் லட்சுமிநாராயண் உள்ளிட்டோர் ஆராய்ந்தார்கள். வழக்கத்துக்கு மேல் நிகழ்ந்தவை சுமார் 26,000. ஆயிரம் பேருக்கு ஐந்துக்கும் சற்று மேல். அரசு அறிவித்த கொரோனாச் சாவைப்போல் அது மூன்று மடங்குக்கும் அதிகம். வறியவர் வாழும் பகுதிகளில் பாதிப்பு கூடுதல் என்றும் கண்டார்கள். பதிவு ஒழுங்காக நடக்கும் மாநகரத்திலேயே நிலை இது. 2020 ஜூலை 22 அன்று விடுபட்ட 444 சாவுகளைத் தமிழ்நாடு அரசே ஒரே நாளில் சேர்த்ததும் நினைவிருக்கலாம். மாநகராட்சிப் பதிவேடும் சுகாதாரத் துறைப் பட்டியலும் ஒத்துப்போகாததே அதற்குக் காரணம்.

கேரளம் வேறு வழியில் போனது. உச்ச நீதிமன்ற வழக்கை அடுத்து, ‘பாசிட்டிவ்’ வந்து முப்பது நாளுக்குள் நிகழ்ந்த சாவையும் சேர்க்கும் விதி வந்தது. 2021 அக்டோபருக்குப் பிறகு கேரளம் பழைய சாவுகளை மறுபரிசீலனை செய்து பல ஆயிரங்களைப் பட்டியலில் ஏற்றியது. அதன் 210 என்பது நோயின் கடுமையோடு, திரும்ப எண்ணியதன் விளைவும் ஆகும். அங்கே 2020-ல் பதிவான மொத்தச் சாவு 2019-ஐவிடக் குறைவு என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்; முதல் ஆண்டில் கேரளம் நோயைத் தள்ளிப்போட்டது உண்மை. தமிழ்நாடு முழுவதிலும் சென்னையைப்போல் மூன்றில் இரண்டு பங்கு விடுபட்டிருந்தால், 53 என்பது 160 ஆகும். முதியவர் விகிதத்தையும் சரிக்கட்டினால் முகட்டின் இரு பக்கமும் நெருங்கி நிற்கும். அந்த ‘இருந்தால்’ தேனிக்குப் பொருந்துமா என்பதற்கு விடை தேனியின் இறப்புப் பதிவேட்டில்தான் இருக்கிறது.

அது தேடி எடுக்க முடியாத விடையும் அல்ல. சாவை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். பேரூராட்சியிலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் மருத்துவமனையிலும் அது நடக்கிறது. பதிவு இணையவழிக்கு மாறிவிட்டது. இறந்தவரின் முகவரியும் வயதும் படிவத்திலேயே உண்டு. மாவட்டம் செய்ய வேண்டியது இரண்டு. எல்லாக் காரணச் சாவுகளையும் இறந்தவரின் சொந்த ஊர் வாரியாக, வயதுப் பிரிவு வாரியாக, வாரந்தோறும் தொகுத்து வெளியிட வேண்டும். ஐப்பசி மழைக்கும் ஆடிச் சாரலுக்கும் அரசு மருத்துவமனைகளில் காய்ச்சலோடு வரும் ஒரு பகுதியினருக்கு ஃபுளூ பரிசோதனையை ஆண்டு தவறாமல் செய்ய வேண்டும். ஐந்து ஆண்டு இப்படிச் சேர்த்தால், தேனியில் ஃபுளூ எந்த மாதத்தில், எந்த வயதில், எத்தனை பேரைக் கொண்டுபோகிறது என்பது தெரியும். முதியவர்களுக்கு ஃபுளூ தடுப்பூசியை எந்த மாதத்தில் போட வேண்டும் என்பதை அப்போது மாவட்டமே தீர்மானிக்கலாம். அடுத்த பெருந்தொற்று வரும்போது, வழக்கத்தைத் தாண்டியதா என்று கேட்பவருக்கு, வழக்கம் என்ன என்பதாவது கையில் இருக்கும். 2020-ல் தேனியிடம் அது இல்லை. அதனால்தான் ‘லட்சத்துக்கு 43’ என்ற எண்ணை நல்ல செய்தி என்றும் சொல்ல முடியவில்லை, தவறு என்றும் நிறுவ முடியவில்லை.